ஆயில் வடியும் வரை

நீங்கள் முதலில் உட்காருங்கள் மச்சான். நீங்கள் நிற்கும்போது நான் உட்கார்ந்து பேசினால் முறையாக இருக்காது.

ஒரு உதவி கேட்டுத்தான் குளித்தலையிலிருந்து லால்குடி வரை வந்தேன். வருகிற தை மாதம் என் மகள் தாரணிக்குக் காது குத்துகிறோம். எங்கள் குலதெய்வக் கோயிலில்தான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அந்த மடி உங்கள் மடியாக இருக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன்.

நீங்கள் என் மனைவி சுகந்திக்குப் பெரியப்பா மகன். அவளுக்கு அண்ணன் என்றால் தாரணிக்கு நீங்களும் தாய்மாமன்தான். முறையில் குறை ஒன்றும் இல்லை. பூசாரியிடமும் கேட்டுவிட்டேன். "கூடப் பொறந்தவன் இல்லாத எடத்துல பெரியப்பா மகன் தாராளமா உக்காரலாம்" என்றார்.

தெரியும் மச்சான். கூடப் பிறந்தவன்தான் இருக்கிறானே என்று கேட்கப் போகிறீர்கள். இருக்கிறான். தனபால் நன்றாகத்தான் இருக்கிறான். திருச்சியில் டாக்ஸி ஓட்டுகிறான். அவன் மடி வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்திருக்கிறேன். காரணம் இன்ஜின் ஆயில்.

சிரிக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். நீங்கள் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எந்த ரயிலுக்கு எந்தச் சிக்னல் என்று இருக்கிறது அல்லவா? மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

நான் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கிறேன். கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் குடுவையில் நிறம் மாறிவிடும். அப்புறம் அந்தச் சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளைகள் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. "சார், லேசாதான சார் செவந்திருக்கு" என்பார்கள். லேசாகச் சிவந்தாலும் தப்பு தப்புதான். அப்படியே பழகிவிட்டேன்.

ஆயிலுக்கு வருகிறேன். உங்கள் வாசலில் நிற்கிறதே, அதுதான் என் வண்டி. வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஆயில் மாற்றுவது நான்தான். வெளியாளிடம் விட்டதில்லை.

கார் வேறு, மோட்டார் சைக்கிள் வேறு. காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியருக்கு வேறு ஆயில். கிளட்சில் ஆயில் படுவதே இல்லை. மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கிளட்ச் என்பது வட்டமான தகடுகள்தான். தோசைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போல இருக்கும். நாம் கிளட்ச் பிடியை விட்டதும் அந்தத் தகடுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் சுற்றுவது அந்தப் பிடியின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அப்படியானால் அந்த ஆயில் ஓரிடத்தில் வழுக்க வேண்டும், ஓரிடத்தில் வழுக்கக் கூடாது. எவ்வளவு சங்கடமான வேலை பாருங்கள்.

கார் ஆயிலில் நன்றாக வழுக்குவதற்கென்றே ஒரு சரக்கைச் சேர்ப்பார்கள். காருக்கு அது நல்லது. பெட்ரோல் மிச்சமாகும். அதையே மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் அந்தச் சரக்கு தகடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். தகடுகளால் பிடிக்க முடியாது. இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. கார் ஆயில் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல, அவ்வளவுதான்.

சரியான ஆயிலைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் ஒரு எண் இருக்கும். என் வண்டிக்குப் பத்து டபிள்யூ முப்பது. அப்புறம் ஆயில் டப்பாவைத் திருப்ப வேண்டும். பின்பக்கம் சின்ன எழுத்தில் எம்.ஏ. என்று இருந்தால் கிளட்ச் வழுக்காத ஆயில் என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் ஸ்கூட்டருக்கு. முன்பக்கம் பாய்கிற புலியைப் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கக் கூடாது. கடைக்காரர் "இத ஊத்துங்க, வண்டி பறக்கும்" என்பார், அதைக் கேட்கக் கூடாது. டப்பாவைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் மச்சான். ஒருவன் டப்பாவைத் திருப்பியிருந்தால் போதும்.

போன வருஷம் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. விரலை மடக்க முடியாது, முட்டியை நீட்ட முடியாது. தனபால் பார்க்க வந்தான். பை நிறையச் சாத்துக்குடி. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சத்தம் ஆரம்பித்துவிடும். "என்ன மாமா, பாயில ஒட்டிப் போயிட்டீங்க? தோசைத் திருப்பி கொண்டாந்து எடுக்கணுமா?" என்றான். சுகந்தி எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, கல்யாணத்துல கூட நீ மாமாவுக்கு ஊட்டலியே, இப்பத்தான் ஒனக்கு ஆச வந்துச்சா?" என்றான். சுகந்தி கரண்டியால் அவனை அடிக்கப் போனாள். தாரணி அவன் முதுகில் ஏறிக்கொண்டாள். அந்த வீட்டில் அப்போதெல்லாம் அப்படி ஒரு சத்தம் இருந்தது.

அவன் என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் வந்து சொன்னான். "மாமா, ஒங்க வண்டிக்கு ஆயில் மாத்திட்டேன். இந்தக் கையோட நீங்க குனிஞ்சு போல்ட்டு கழட்ட வேணாம். என் காருக்கு ஊத்துற ஆயிலையே ஊத்திருக்கேன், கடையிலயே அதுதான் ஒசந்த சரக்கு. என் காருக்கே நாலு தரம் யோசிச்சுத்தான் வாங்குவேன். ஒங்களுக்கு யோசிக்கல."

எனக்குக் காய்ச்சல். சரி என்று தலையாட்டியிருக்கிறேன். டப்பாவைக் காட்டு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அதைக் கவனியுங்கள்.

குணமான பிறகு பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் போய் வந்தேன். பள்ளிக்கூடம் பக்கம்தான். அந்தத் தூரத்தில் எதுவும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் காந்திமதி அக்கா போன் செய்தாள். என் அக்கா, திருச்சி உறையூரில் இருக்கிறாள். அம்மா அவளோடுதான் இருந்தாள். "ஞானம், அம்மாவுக்கு மூச்சு எளைக்குது. தனபாலக் கூப்பிட்டு அவன் கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். ஒன்னயே கேக்குது. ஒடனே கெளம்பி வா" என்றாள்.

"மூணு பேரும் பஸ்ஸுலயே போயிருவோம்" என்றாள் சுகந்தி. "வண்டியில போனா நான் முன்னாடியே போயிருவேன். நீ வீட்டப் பூட்டிட்டுப் பிள்ளையோட பஸ்ஸுல வா" என்றேன். அது சரியான யோசனைதான். பஸ் ஒவ்வொரு ஊராக நிற்கும். நீங்களே சொல்லுங்கள்.

குளித்தலையிலிருந்து திருச்சிக்குச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வாழை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. பேட்டைவாய்த்தலைக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி. அதை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை முறுக்கினேன். இன்ஜின் கத்தியது. வண்டி அப்படியே போனது, வேகம் ஏறவில்லை. முறுக்கைக் குறைத்தேன், ஒழுங்காகப் போனது. மறுபடி முறுக்கினேன், மறுபடி கத்தியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கிளட்ச் வழுக்குகிறது. என் காருக்கு ஊற்றுகிற ஆயில் என்று தனபால் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது போல இருந்தது.

பேட்டைவாய்த்தலையில் ஜபருல்லா பாய் என்று ஒரு மெக்கானிக். சாலையோரத்திலேயே பட்டறை. வண்டியை அங்கே நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க சார் போறீங்க?" என்றார்.

"திருச்சி ஆஸ்பத்திரிக்கு. அம்மாவுக்கு முடியல."

"அப்ப போங்க சார். முறுக்காம மெதுவாப் போனாப் போயிரும். மிஞ்சிப்போனா பிளேட்டு தேயும். திரும்பி வர்றப்ப மாத்திக்கலாம்."

"தப்பான ஆயில்னு தெரிஞ்ச அப்புறமும் ஓட்டச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். அம்மான்னீங்க, அதான் சொன்னேன்."

நல்ல மனிதர்தான். ஆனால் எல்லோரையும் போலத்தான் அவரும். அவசரம் என்று வந்தால் முறையை ஓரமாக வைத்துவிடுவார்கள். நான் அப்படி இல்லை.

இன்ஜின் கொதிக்கும்போது போல்ட்டைக் கழற்றக் கூடாது, கை வெந்துவிடும். சுத்தமாக ஆறவும் விடக் கூடாது, ஆயில் கெட்டியாகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்ற வேண்டும். அதற்காகக் காத்திருந்தோம். அப்புறம் பாய் போல்ட்டைக் கழற்றினார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஆயில் கயிறு போல விழும். அப்புறம் நூல் போல. அப்புறம் சொட்டுச் சொட்டாக. நூல் அறுந்ததுமே போல்ட்டை மாட்டிவிடுவார்கள் பலபேர். அது தப்பு. உள்ளே சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது இறங்கி வர நேரம் ஆகும். அதை விட்டுவிட்டால் புது ஆயிலோடு கலந்துவிடும். பாய் போல்ட்டை மாட்ட எடுத்தார். "இன்னும் வருது பாய்" என்றேன். மறுபடி கீழே வைத்துவிட்டார்.

அவரிடம் இருபது டபிள்யூ நாற்பதுதான் இருந்தது. "எல்லா வண்டிக்கும் இதத்தான் சார் ஊத்துறேன், ஒருத்தரும் திரும்பி வந்து திட்டுனதில்ல" என்றார். புத்தகத்தில் பத்து முப்பது என்று இருக்கும்போது இருபது நாற்பதை எப்படி ஊற்றுவது? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு உதிரிபாகக் கடை உண்டு என்றார். நடந்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது டப்பா சரியாக இருந்தது.

டப்பாவோடு வெளியே வருகிறேன், திருச்சி பஸ் வந்து என் முன்னால் நிற்கிறது. ஜன்னலில் சுகந்தி. அவள் மடியில் தாரணி. குளித்தலையிலிருந்து பின்னால் வந்த பஸ்.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க? ஏறுங்க!" என்றாள்.

"வண்டி பட்டறையில தெறந்து கெடக்கு. ஆயில் வடிஞ்சுக்கிட்டிருக்கு" என்றேன்.

"அது கெடக்கட்டும். ஏறுங்கங்க, விசில் அடிக்கப் போறாரு."

"அப்பா, கையில என்னப்பா?" என்றாள் தாரணி.

"ஆயில்டா" என்றேன். டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

கண்டக்டர்கூட விசில் அடிக்காமல் கொஞ்சம் பொறுத்தார். "சார், ஏறுறீங்களா?" என்றார். "நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்றேன். பஸ் போய்விட்டது. தாரணி கையாட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டினேன்.

திறந்து போட்ட வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா மச்சான்? அடிப்பக்கப் போல்ட் வெளியே இருக்கிறது. தூசு உள்ளே போகும்.

நான் பட்டறைக்குத் திரும்பியபோது அங்கே தனபாலின் கார் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க மாமா. வண்டி இங்கயே இருக்கட்டும், நான் அப்புறமா ஓட்டிக்கிட்டு வந்து விடுறேன்."

"நீ என்ன ஆயில் ஊத்துன?"

"மாமா, அத்தை ஒங்க பேரத்தான் சொல்லிக்கிட்டிருக்கு. ஏறுங்க."

"டப்பாவுக்குப் பின்பக்கம் பாத்தியா? எம்.ஏ.ன்னு இருந்துச்சா?"

"ஐயோ மாமா, நானே பத்தாவது ஃபெயிலு. ஆயிலு எம்.ஏ. படிச்சிருக்கா, பி.ஏ. படிச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏறுங்க மாமா, வழியெல்லாம் திட்டிக்கிட்டே வாங்க."

அந்த நேரத்திலும் அவனுக்கு விளையாட்டுத்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. செய்தது தப்பு என்று ஒப்புக்கொள்ளச் சொன்னேன். "சத்தியமா என் தப்புதான், தெரியாம ஊத்திட்டேன்" என்றான். அந்த ஆயில் சிந்திய தரையிலேயே விழுந்து என் காலைத் தொட்டான். "போதுமா மாமா? இப்ப ஏறுங்க" என்றான்.

அது அவசரத்தில் சொன்னது மச்சான். புரிந்து சொன்னதல்ல. புரியாமல் ஒப்புக்கொள்கிறவன் மறுபடியும் அதே தப்பைச் செய்வான். ஆய்வகத்தில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவனுக்குப் பொறுமையாக, ஒரு மணி நேரம் போல விளக்கினேன். கிளட்ச் என்றால் என்ன, தகடுகள் எப்படிப் பிடிக்கும், கார் ஆயிலில் என்ன சேர்க்கிறார்கள் என்று. உங்களுக்குச் சொன்னேனே, அதே தோசையை வைத்துத்தான் விளக்கினேன். அவன் தலையைத் தலையை ஆட்டினான். கார்க் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டிருந்தான் என்று ஜபருல்லா பாய் பின்னால் சொன்னார். நான் கவனிக்கவில்லை. சொட்டு நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவன் போன் அடித்தது. காதில் வைத்தான். கார்க் கதவில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். பாய் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக, சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

பாய் போல்ட்டை மாட்டினார். நான் புனலை வைத்து ஆயிலை ஊற்றினேன். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, குச்சியை விட்டு அளவு பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது. தனபால் அப்போதும் "கார்ல வாங்க மாமா" என்றான். வண்டியிலேயே போனேன். ஜீயபுரம் தாண்டி ஒரு முறை முறுக்கிப் பார்த்தேன். வண்டி எப்படி இழுத்தது தெரியுமா? புது வண்டி போல.

அம்மாவை அதற்குள் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நடந்ததை அக்காதான் சொன்னாள். சுகந்தி போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்ததாம். தாரணியின் கன்னத்தைத் தொட்டாளாம். சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டானா?" என்று கேட்டாளாம். "வந்துட்டாரு அத்தை. வாசல்ல வண்டிய நிறுத்திக்கிட்டிருக்காரு. இந்தா வர்றாரு" என்று சுகந்தி சொன்னாளாம். அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

அது பொய் மச்சான். நான் அப்போது பேட்டைவாய்த்தலையில் இருந்தேன். சுகந்தி பொய் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.

நான் அழவில்லை. கொள்ளி வைத்தேன், தலை முழுகினேன், எல்லாம் முறையாகச் செய்தேன். "ஒரு தடவ அழுதுருடா தம்பி" என்று அக்கா என் முதுகைத் தட்டினாள். வந்தால்தானே அழுவது. ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அதுபோல உள்ளே ஒரு இடம் இருக்கிறது. வலிக்கவில்லை. சாப்பாட்டில் தான் உப்பு போட மறந்துவிட்டதாகச் சுகந்தி பாதியில் சொல்வாள். அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தனபால் வந்தான். வாசலிலேயே நின்றான். நான் உள்ளே கூப்பிடவில்லை. தாரணி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை மட்டும் கூப்பிட்டேன். அதிலிருந்து அவன் வருவதில்லை. சுகந்தியும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. என்னிடமும் அவள் அதிகம் பேசுவதில்லை. தம்பியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. பெண்கள் அப்படித்தான்.

நான் இப்போது மாதம் ஒரு முறை ஆயில் மாற்றுகிறேன். புத்தகத்தில் அவ்வளவு சீக்கிரம் மாற்றச் சொல்லவில்லை. இருந்தாலும் மாற்றுகிறேன். ஆயில் கறுத்திருக்காது. ஊற்றியது போலவே தேன் நிறத்தில் இறங்கும். கடைசிச் சொட்டு வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சுகந்தி வாசலுக்கு வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இதுதான் விஷயம். தனபால் டப்பாவைத் திருப்பாததால் நான் என் அம்மாவைப் பார்க்கவில்லை. அவன் மடியில் என் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? அம்மா போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது, இனி நல்ல காரியம் செய்யலாம். பிள்ளை மட்டும் "தனா மாமா மடிதான், இல்லேன்னா குத்த வேணாம்" என்று காதைப் பொத்திக்கொள்கிறாள். சின்னப் பிள்ளை. கோயிலுக்கு வந்ததும் சரியாகிவிடுவாள். நீங்கள் மடி கொடுத்தால் போதும்.

என்ன கேட்டீர்கள்?

அந்த ஆயிலோடு வண்டி எவ்வளவு வேகம் போகும் என்றா? முறுக்காமல் விட்டால் நாற்பதில் போகும். சொன்னேனே, மேடே இல்லாத சாலைதான். நாற்பதில் போய்ச் சேர்ந்திருக்கலாம், பஸ்ஸுக்கு முன்னாலேயேகூட. ஆனால் அது முறையில்லை மச்சான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உங்கள் வீட்டுத் தங்கச்சி ஏன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமே நிற்கிறது?

மடி கிடையாதா?

தனபால்தான் உட்கார வேண்டும் என்கிறீர்கள். சரி. கோபமெல்லாம் இல்லை. சமயபுரத்தில் உங்கள் இன்னொரு சித்தப்பா மகனும் இதைத்தான் சொன்னார். முசிறியில் இருப்பவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை. எல்லோரும் முழுதாகக் கேட்கிறார்கள். கேட்டு முடித்த பிறகுதான் மாட்டேன் என்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நான் எதையும் மறைக்கவில்லை. சுகந்தி என்னை அனுப்பும்போதே ஒரு நிபந்தனை போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாள். "யாருகிட்ட வேணாலும் போய்க் கேளுங்க, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு விடாமச் சொல்லுங்க. பஸ்ஸுல நாங்க கூப்பிட்டதச் சொல்லுங்க, அத்தைகிட்ட நான் சொன்னதச் சொல்லுங்க. அதக் கேட்டுட்டு எவரு மடி குடுக்குறாரோ, அவரு மடியில நானே பிள்ளையக் கொண்டாந்து உக்கார வைக்கிறேன்" என்றாள். நியாயமான பேச்சுதானே? அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று விடாமல் சொல்லிவருகிறேன்.

இன்னும் மணப்பாறையில் ஒருவர் இருக்கிறாராம். அவரும் மாட்டேன் என்றால் உங்கள் வம்சத்தில் தனபால் ஒருவன்தான் மிச்சம்.

முசிறிக்காரரிடம் பஸ் வந்ததை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன் மச்சான். டப்பாவை வாங்கினேன், பட்டறைக்குத் திரும்பினேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டார். அப்புறம் நானே கதையில் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், "நடுவுல ஒரு பஸ் வந்துச்சு" என்றேன்.

அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

காபி வேண்டாம். தங்கச்சியை வைத்துவிடச் சொல்லுங்கள். வருகிறேன்.